ஏடிவி இழுக்கும் சிறிய கேம்பர்: முதலில் எடை, பிறகுதான் பெட்டி

கேள்வி: என்னிடம் 420 சிசி ஹோண்டா ரான்சர் ஏடிவி (காட்டுப் பாதைக்கான நான்கு சக்கர வண்டி) ஒன்று இருக்கிறது. மனைவிக்கும் அதே வண்டி. கனடாவின் ஒன்டாரியோவில் ஹாலிபர்ட்டனுக்கு வடக்கே காட்டுப் பாதைகளில் போய் இரண்டு மூன்று நாள் தங்குவது எங்கள் வழக்கம். கூடாரத்தில் தரையில் படுத்து இருவருக்கும் முதுகு நோகிறது. கார் இழுக்கும் ‘டியர் டிராப்’ கேம்பரின், அதாவது உள்ளே படுத்துறங்கும் பெட்டி வண்டியின், வரைபடத்தை வாங்கி, அதைச் சிறிதாக்கிக் கட்டலாமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அந்த வரைபடத்தை வாங்க வேண்டாம் என்பதே என் முதல் யோசனை. டியர் டிராப் என்பது 1930களில் அமெரிக்காவில் பிறந்த, கண்ணீர்த்துளி போன்ற வடிவம். தார்ச்சாலையில் காருக்குப் பின்னால் ஓடுவதற்காக யோசிக்கப்பட்டது. 4 அடி அகலம், 8 அடி நீளம் என்பது பிளைவுட் பலகையின் அளவை வைத்து வந்த கணக்கு. காட்டுப் பாதையை வைத்து வந்ததல்ல. அப்படிக் கட்டிய பெட்டி சாதாரணமாக 350 முதல் 500 கிலோ வரை வந்து நிற்கும். உங்கள் ரான்சருக்கு ஹோண்டா குறித்திருக்கும் இழுவை வரம்பு 385 கிலோ. நீளத்தையும் அகலத்தையும் குறைத்தாலும் அதே பலகை, அதே இரும்புச் சட்டம், அதே அச்சு என்றால் எடை நீங்கள் நினைக்கும் அளவுக்குக் குறையாது.

அந்த 385ஐக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இழுப்பது எளிது, நிறுத்துவதுதான் கடினம். உங்கள் ஏடிவியே பெட்ரோலோடு சேர்த்து ஏறக்குறைய 265 கிலோதான். பிரேக் இல்லாத டிரெய்லர், ஈரமான இலைகள் கிடக்கும் இறக்கத்தில் பின்னாலிருந்து தள்ளும்போது அந்த 265 கிலோவும் நான்கு மெத்தென்ற டயர்களும்தான் உங்களைக் காப்பாற்ற வேண்டும். சாமான், தண்ணீர் எல்லாம் ஏற்றிய டிரெய்லர், இழுக்கும் வண்டியின் எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக் கூடாது என்பது நானாக வகுத்துக்கொண்ட விதி. உங்களுக்கு அது சுமார் 170 கிலோ. முதலில் அந்த எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். இரும்புக் கடைக்குப் போவதெல்லாம் அதற்குப் பிறகு.

நான் அப்படிச் செய்யவில்லை. தகடு வேலை செய்பவன் என்ற நம்பிக்கையில், பதினோரு வருடங்களுக்கு முன் 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் என் முதல் பெட்டியைக் கட்டினேன். உள்ளே நிமிர்ந்து உட்கார வேண்டும் என்று உயரத்தையும் கூட்டினேன். சாமான் ஏற்றாமலே 230 கிலோ. இரண்டாவது பயணத்தில், ஒரு பக்கம் சரிந்த பாதையில் மேட்டுப் பக்கத்துச் சக்கரம் ஒரு கல்மேல் ஏறியது. பெட்டி மெதுவாகச் சாய்ந்து பள்ளத்துப் பக்கம் படுத்தது. பந்து வடிவக் கொக்கி ஓரளவுக்குத்தான் திரும்பும். அதற்கு மேல் ஏடிவியின் பின்பக்கத்தையும் சேர்த்து முறுக்கிவிட்டது. நான் குதித்துத் தப்பினேன். என் மகன் அன்று பின்னால் இன்னொரு வண்டியில் வந்துகொண்டிருந்தான். அவன் முகம் இன்னும் நினைவிருக்கிறது. இந்தப் பதிலை இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அந்த நாள்தான் காரணம்.

என்ன நடந்தது என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சக்கரங்களின் நடுவிலிருந்து நடு வரை 100 சென்டிமீட்டர். பெட்டியின் எடை மையம் தரையிலிருந்து சுமார் 90 சென்டிமீட்டர் உயரத்தில். அப்படிப்பட்ட டிரெய்லர் அசையாமல் நின்றாலே 29 பாகை சாய்வில் கவிழும். பாதை 15 பாகை சரிவு; 25 சென்டிமீட்டர் கல்மேல் ஒரு சக்கரம் ஏறினால் இன்னும் 14 பாகை. கூட்டினால் சரியாக 29. அதே எடை மையம் 65 சென்டிமீட்டரில் இருந்திருந்தால் 37 பாகை வரை தாங்கியிருக்கும். ஆகவே எடையைக் குறைப்பது பாதி வேலை, அதைத் தாழ்வாக வைப்பது மறுபாதி.

தாழ்வாக வைக்க விடாமல் தடுப்பவை சக்கரங்கள்தான். ரான்சரின் அகலம் 117 சென்டிமீட்டர். டிரெய்லர் அதே தடத்தில் ஓடினால்தான் முன்வண்டி பதித்த பள்ளத்திலேயே பின்சக்கரமும் உருளும். நீங்கள் விலக்கிப் போன கல்லை அதுவும் விலக்கும். எனவே டிரெய்லரின் மொத்த அகலம் 120 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். என்றாவது அமெரிக்காவுக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் அங்கும் இந்த அளவு உதவும். வனத்துறை நிலங்களில் பல பாதைகளை 50 அங்குலம், அதாவது 127 சென்டிமீட்டர் அகலம் வரையுள்ள வண்டிகளுக்கு மட்டுமே திறந்துவைத்திருக்கிறார்கள். இந்த அகலத்துக்குள் பெட்டியைச் சக்கரங்களுக்கு நடுவே இறக்கினால் உள்ளே எழுபது சொச்சம் சென்டிமீட்டர்தான் மிஞ்சும். அதில் ஒருவர் படுக்கலாம், இருவர் முடியாது. சக்கரங்களுக்கு மேலே தூக்கி வைத்தால் அகலம் கிடைக்கும். ஆனால் தரைப்பலகை 70 சென்டிமீட்டர் உயரத்துக்குப் போய்விடும். பிறகு என் கதைதான்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. என் மூன்றாவது பெட்டியில்தான் அது எனக்குப் புலப்பட்டது. தலையை முன்பக்கம் வைத்துப் படுத்தால் அகலம் வேண்டியது தோளுக்குத்தான். முழங்காலுக்குக் கீழே யாருக்கும் அவ்வளவு இடம் தேவையில்லை. பெட்டியின் முன்சுவரிலிருந்து 125 சென்டிமீட்டரில் அச்சு வந்தால் சக்கரம் உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில் வரும். அங்கே மட்டும் சக்கரத்துக்கு மேல் ஒரு கூடு கட்டி, அது பெட்டிக்குள் சுமார் 30 சென்டிமீட்டர் எழும்பட்டும். தோள் இருக்கும் இடத்தில் உள் அகலம் 108 சென்டிமீட்டர், கூடுகளுக்கு நடுவே 70. தரைப்பலகையோ மண்ணிலிருந்து 36 சென்டிமீட்டரில் உட்கார்ந்துவிடும். வீட்டு இரட்டைப் படுக்கை 137 சென்டிமீட்டர் என்பதை நினைவில் வையுங்கள். இது நெருக்கமான படுக்கைதான், அதை மறைக்க மாட்டேன். உள் உயரம் 95 போதும்; முழங்கையை ஊன்றி எழுந்து உடை மாற்றலாம். நிமிர்ந்து உட்கார வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். அதற்காகக் கூட்டும் 25 சென்டிமீட்டர் உயரத்துக்குக் காட்டுப் பாதையில் விலை அதிகம்.

அடுத்தது முன்பின் நிறை. மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இது கைவந்த கணக்கு. ஒற்றை அச்சு வண்டியில் மூட்டை ஏற்றும்போதே ‘முன்பாரமாக இருக்கிறது, இரண்டு மூட்டையைப் பின்னால் தள்ளு’ என்பார்கள். முன்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தில் அழுந்தும். பின்பாரமானால் ஏர்க்கால் மேலே எழும்பிப் பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். ஏடிவியும் அப்படித்தான். முன்பாரம் கூடினால் ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகிக் கைப்பிடி சொன்னபடி கேட்காது. பின்பாரமானால் பின்சக்கரம் பிடிப்பை இழக்கும், இறக்கத்தில் டிரெய்லர் வாலாட்டும். டிரெய்லரின் ஏர்க்கால் என்பது கொக்கியில் மாட்டும் முன்தண்டு. கார் டிரெய்லர்களுக்கு மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் அதில் இருக்க வேண்டும் என்பார்கள். ஆனால் பல ஏடிவிகள் கொக்கிமேல் தாங்கும் எடை மிகக் குறைவு. 15 கிலோ என்று போட்ட கையேடுகளும் உண்டு. உங்கள் கையேட்டில் அந்த எண்ணைத் தேடிப் பிடியுங்கள். இழுவை வரம்பைவிட எனக்கு அது முக்கியம்.

15 கிலோ என்றே வைத்துக்கொள்வோம். கொக்கியிலிருந்து அச்சு வரை 220 சென்டிமீட்டர், மொத்த எடை 170 கிலோ. அப்படியானால் எடை மையம் அச்சுக்கு 19 சென்டிமீட்டர் முன்னால் இருக்க வேண்டும். தட்டையான தரையில் இது சரி. 30 சதவீத ஏற்றத்தில் என்ன ஆகிறது பாருங்கள். எடை மையம் அச்சைவிட 35 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், ஏற்றத்தில் அது 10 சென்டிமீட்டர் பின்னால் நகர்ந்த கணக்காகிறது. கொக்கியில் 7 கிலோதான் மிஞ்சும். அதே எடை மையம் 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் 18 சென்டிமீட்டர் நகரும்; கொக்கியில் ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சாது. பெட்டியைத் தாழ்வாக வைக்கச் சொல்வதற்கு இது இரண்டாவது காரணம். கட்டி முடித்ததும் குளியலறைத் தராசை ஏர்க்காலின் நுனிக்குக் கீழே கொக்கி உயரத்தில் வைத்து, எல்லாச் சாமானும் ஏற்றிய நிலையில் அளந்து பாருங்கள். அச்சை உடனே பற்றவைக்காமல் யூ-போல்ட் போட்டுப் பூட்டியிருந்தால் இரண்டு விரல் முன்னும் பின்னும் நகர்த்திச் சரிசெய்துகொள்ளலாம்.

ஏர்க்காலைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். அதைச் சுழலும்படி செய்யுங்கள். ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய், நடுவே கிரீஸ், கிரீஸ் அடிக்க ஒரு நிப்பிள், பின்முனையில் தடித்த வாஷரும் பூட்டு நட்டும், நட்டு கழலாமல் ஒரு பின். இவ்வளவுதான் வேலை, ஒரு சனிக்கிழமையில் முடிந்துவிடும். டிரெய்லர் கவிழ்ந்தாலும் ஏர்க்கால் உருளுமே தவிர ஏடிவியைச் சேர்த்து முறுக்காது. பாதுகாப்புச் சங்கிலியும் தேவை. அந்தச் சுழற்சிக்கு இடம் விட்டு மாட்டுங்கள்.

சட்டத்துக்கு 40 மில்லிமீட்டர் சதுரக் குழாய், 2 மில்லிமீட்டர் தடிப்பு போதும். அது மீட்டருக்கு 2.3 கிலோ. பயந்துபோய் 50 மில்லிமீட்டர், 3 மில்லிமீட்டர் தடிப்பு எடுத்தால் மீட்டருக்கு 4.25 கிலோ. உங்களுக்கு மொத்தம் 11 மீட்டர் தேவைப்படும். 21 கிலோ வித்தியாசம், ஒரு பெரிய குடம் தண்ணீர். நான் பார்த்தவரை முறிந்த சட்டங்கள் எல்லாம் ஒரே இடத்தில்தான் முறிந்தன: ஏர்க்கால் பெட்டிக்கு அடியில் நுழையும் முதல் குறுக்குச் சட்டத்தில். அங்கே மட்டும் பக்கவாட்டில் இணைப்புத் தகடு வைத்துப் பலப்படுத்துங்கள். ஏர்க்காலின் அடிப்பக்கத்தில் குறுக்காகப் பற்றவைக்கவே கூடாது. வளைவின் இழுவிசை முழுவதும் அடிப்பக்கத்தில்தான் விழும். குறுக்கே ஓடும் பற்றுக்கோடு அந்த இடத்தில் விரிசலுக்கு வழிகாட்டிவிடும். நீளவாக்கில் பற்றவையுங்கள்.

ஸ்பிரிங் வேண்டுமா என்று அடுத்து கேட்பீர்கள். இந்த எடைக்கு, இந்த வேகத்துக்கு வேண்டாம். கடையில் கிடைக்கும் இலை ஸ்பிரிங்குகள் பெரும்பாலும் பல நூறு கிலோவுக்குச் செய்தவை. 170 கிலோவுக்கு அவை வளையவே மாட்டா, எடையைத்தான் கூட்டும். 5 பிஎஸ்ஐ காற்றுள்ள ஏடிவி டயரே நல்ல மெத்தை. உங்கள் ரான்சரின் முன்டயர் 24 அங்குல உயரம், 8 அங்குல அகலம், 12 அங்குல ரிம். அதையே டிரெய்லருக்கும் போட்டால் ஒரே உதிரிச் சக்கரம் இரண்டுக்கும் ஆகும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கடையில் வாங்கும் சிறிய டிரெய்லர் ஹப்பில் (சக்கரத்தைப் பூட்டும் நடுப்பகுதி) நான்கு போல்ட்டின் வட்டம் 4 அங்குலம், அதாவது 101.6 மில்லிமீட்டர். ஹோண்டா, யமஹா ஏடிவி ரிம்களில் அது 110. கேன்-ஆமில் 137, பொலாரிஸில் 156. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், பூட்டும்போது உட்காராது. 110 மில்லிமீட்டர் ஹப் தனியாகக் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

இனி பெட்டி. இதற்கு நான் பரிந்துரைப்பது பிளைவுட் அல்ல, கட்டடங்களில் குளிர்காப்புக்குப் பயன்படும் இளஞ்சிவப்பு அல்லது நீல பாலிஸ்டிரீன் பலகை. 38 மில்லிமீட்டர் தடிப்பில் சதுர மீட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல்தான் வரும். 6 மில்லிமீட்டர் பிளைவுட் மட்டுமே 4 கிலோ, அதற்குச் சட்டமும் குளிர்காப்பும் வேறு. வட அமெரிக்காவில் வீட்டிலேயே கேம்பர் கட்டுகிறவர்களிடையே பல வருடங்களாகத் தேறிய முறை இது. பலகையின் மேலுள்ள பிளாஸ்டிக் படலத்தை உரித்து, கம்பித் தூரிகையால் கீறிவிட்டு, தண்ணீருக்குத் தாங்கும் மரப்பசையைச் சற்று நீர்க்கக் கரைத்துப் பூசி, அதன்மேல் பருத்திக் கித்தானை இழுத்து ஒட்ட வேண்டும். பெயின்ட் கடையில் தரையில் விரிக்க விற்பார்களே, அந்தத் துணியே போதும். மேலேயும் பசை. காயும்போது துணி மத்தளத் தோல்போல இறுகும். பிறகு வீட்டு வெளிச்சுவருக்கு அடிக்கும் பெயின்ட் மூன்று பூச்சு. உள்ளேயும் இதே. துணி, பலகை, துணி என்று மூன்றும் சேர்ந்தபின் வருகிற விறைப்பு, முதன்முறை கட்டுகிறவரை வியக்க வைக்கும்; ஒரு முழுப் பக்கச் சுவரை என் மகள் ஒரு கையால் தூக்கி நின்றாள்.

சில எச்சரிக்கைகள். கரைப்பான் கலந்த ஒட்டுப்பசை இந்தப் பலகையைத் தின்றுவிடும். பாலியெஸ்டர் ரெசினும் அப்படியே. ஃபைபர் கிளாஸ் போட விரும்பினால் எபாக்சி மட்டுமே. கதவுக் கீல், பூட்டு, விளக்கு வரும் இடங்களில் பலகையை வெட்டி மரத்துண்டு பதித்துவிட்டுத்தான் துணி ஒட்ட வேண்டும். வெறும் நுரைப்பலகையில் திருகு நிற்காது. தரைக்கு மட்டும் 9 மில்லிமீட்டர் பிளைவுட் போடுங்கள்; அடிப்பக்கமும் ஓரங்களும் நன்றாகப் பெயின்ட் குடிக்கட்டும்.

நுரைப்பலகைக்கு நெருப்பு ஆகாது என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். உள்ளே அடுப்போ கேஸ் ஹீட்டரோ எந்த நிலையிலும் கூடாது. எரிவது ஒரு பயம், கார்பன் மோனாக்சைடு அதைவிடப் பெரிய பயம். இரண்டு கன மீட்டர் இடத்தில் அது உங்களை எழுப்பாமலே முடித்துவிடும். இரண்டு பக்கமும் கதவு வையுங்கள், ஒன்று கல்லிலோ மரத்திலோ அடைபட்டாலும் மற்றது இருக்கும். தலைப்பக்கம் தாழ்வாக ஒரு காற்றுத் துளை, கால்பக்கம் கூரையோரம் ஒன்று, ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், கொசுவலையோடு. இல்லாவிட்டால் இருவரின் மூச்சும் இரவெல்லாம் சுவரில் வியர்த்து விடியற்காலை மெத்தை நனைந்திருக்கும். சிறிய 12 வோல்ட் மின்விசிறி ஒன்றும் எல்இடி விளக்கு ஒன்றும் 20 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் மூன்று இரவுக்குத் தாராளம். உறைநிலைக்குக் கீழே அந்த பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது. அக்டோபரில் போகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

ஹாலிபர்ட்டன் பக்கம் கருங்கரடி உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்ததே. துணியும் நுரையும் கரடிக்குச் சுவரே இல்லை. சாப்பாடு, பற்பசை, மீன் வாசனை படிந்த சட்டை எதுவும் பெட்டிக்குள் இரவு தங்கக் கூடாது. கூடாரத்தில் இருந்தபோது எப்படிக் கட்டித் தொங்கவிட்டீர்களோ அப்படியே இனியும்.

எடைக் கணக்கைக் கூட்டிப் பார்ப்போம். சட்டம் 26 கிலோ, அச்சு, ஹப், இரண்டு சக்கரம் சேர்த்து 36, தரை 13, சுவர், கூரை, கதவுகள் 25, மெத்தையும் போர்வையும் 8, பேட்டரி, விளக்கு, தாழ்ப்பாள் வகையறா 6. மொத்தம் 114. மீதம் 56 கிலோ உங்கள் சாமானுக்கு. 20 லிட்டர் தண்ணீர் என்றால் 20 கிலோ போயிற்று. அதை அச்சுக்குச் சற்று முன்னால், தரையோடு வையுங்கள். ஐஸ் பெட்டியையும் விறகுவாளையும் உங்கள் மனைவியின் வண்டி சுமக்கட்டும். ரான்சர் ஒருவர் மட்டுமே ஓட்டும் வண்டி; பின்னால் ஆள் ஏற்றாமல் தனி வண்டியில் அவர் வருவது எல்லா வகையிலும் நல்லது. இறக்கத்தில் அவர் பின்னால் இடைவெளி விட்டு வரட்டும், பக்கவாட்டில் வேண்டாம். டிரெய்லர் மாட்டியபின் வேகம் 15 கிலோமீட்டரைத் தாண்ட வேண்டியதில்லை.

இறங்கித் தங்கும்போது பெட்டியின் நான்கு மூலைக்கும் இறக்கும் கால்கள் வேண்டும், பின்பக்கம் இரண்டாவது கட்டாயம். கால் இல்லாமல் அச்சுக்குப் பின்னால் ஒருவர் ஏறினால் ஏர்க்கால் வானத்தைப் பார்க்கும்.

வீட்டிலிருந்து காடு வரை இந்த டிரெய்லரை நெடுஞ்சாலையில் இழுத்துப் போக முடியாது. ஏடிவி டயர் நெடுஞ்சாலைக்குச் செய்ததல்ல, பக்கத்திலேயே அப்படி அச்சிட்டிருக்கும். இன்னொரு டிரெய்லரின் மேலோ பிக்கப்பின் மேலோ ஏற்றித்தான் போக வேண்டும். இப்போது இரண்டு ஏடிவிகளை ஏற்றிப் போகும் உங்கள் டிரெய்லரில் இன்னும் 3 மீட்டர் இடம் இருக்கிறதா, இல்லையென்றால் ஒரு ஏடிவி பிக்கப்பில் ஏறுமா என்று இன்றே அளந்து வையுங்கள். போய்ச் சேர்ந்தபின் கவலையில்லை: ஒன்டாரியோவில் அரசுப் பொது நிலத்தில் கனடாவில் வசிப்பவர்கள் ஒரே இடத்தில் 21 நாள் வரை கட்டணமின்றித் தங்கலாம். அந்த நிலம் வழியாகப் போகும் பாதைக்கு ஏடிவி சங்கத்தின் அனுமதிச் சீட்டு வேண்டுமா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்றுதானே கேட்டீர்கள்? கராஜில் ஏடிவியை வெளியே எடுத்துவிட்டுத் தரையில் ஒட்டுநாடாவால் 210க்கு 108 சென்டிமீட்டர் கட்டம் போடுங்கள். முன்கோட்டிலிருந்து 125 சென்டிமீட்டரில் இரண்டு பக்கமும் சக்கரக் கூடு வரும் இடத்தில் பக்கத்துக்கு ஒரு அட்டைப்பெட்டியை வையுங்கள். மேலே 95 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு கயிறு கட்டிப் போர்வையைத் தொங்கவிடுங்கள். மெத்தையை விரித்து இருவரும் ஒரு முழு இரவு அதற்குள் படுத்துப் பாருங்கள். நடு இரவில் ஒருவர் மற்றவரைத் தாண்டாமல் வெளியே போக முடிகிறதா, முழங்கால் கூட்டில் இடிக்கிறதா, மூச்சு முட்டுகிறதா என்று குறித்து அனுப்புங்கள். அந்த அளவுகளை வைத்து உங்களுக்குச் சட்டத்தின் வெட்டுப் பட்டியலை நானே போட்டுத் தருகிறேன்.